திருப்பணி சொல்லும் வீட்டுப் பாடம்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருக்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்விப்பது நம் மரபு. அதற்கு முன்னதாகத் திருப்பணி நடைபெறும். திருப்பணியில் கொத்தனார் கரண்டியைக் கையில் எடுப்பதற்கு முன்பே நிறைவேற வேண்டிய சடங்கு ஒன்று உண்டு. அதுவே பாலாலயம். மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, சிறியதொரு தனி இடத்தில் எழுந்தருளச் செய்வார்கள். கருவறை மூடப்பட்டிருக்கும், விமானத்தைச் சுற்றிச் சாரம் கட்டப்பட்டிருக்கும், எங்கும் தூசியும் இரைச்சலுமாக இருக்கும். ஆயினும் பாலாலயத்தில் ஒரு கால பூஜையும் தவறுவதில்லை. குடியிருப்பவருக்கு இடம் செய்த பிறகே கட்டடத்தில் கை வைக்க வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

நம் வீடுகளில் இந்த ஒழுங்கு பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. முதல் நாளே சுவரை இடித்துவிடுகிறார்கள். மறுநாள்தான் பாட்டி எங்கே படுப்பாள், சுவாமி படங்களை எங்கே வைப்பது, அடுப்பை எங்கே ஏற்றுவது என்ற கேள்விகள் எழுகின்றன.

காஞ்சிபுரத்தில் இக்கேள்விகளோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தறியை என்ன செய்வது? பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் உள்ள பழைய வீடுகள் குறுகிய முகப்பும் நீண்ட உட்புறமும் கொண்டவை. திண்ணை, நடை, கூடம், பின்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும். கூடத்துத் தரையில் குழி வெட்டி அதில் தறி பூட்டியிருப்பார்கள். நெய்பவர் குழிக்குள் கால் தொங்கவிட்டு மிதிகட்டைகளை இயக்குவார். அந்த வீடு உறைவிடம் மட்டுமன்று, தொழிற்கூடமும் கூட. அங்கே ஒரு மாதம் வேலை இழுத்தால் ஒரு மாத வருமானம் போய்விடும்.

அத்தகைய ஒரு வீட்டில் நடந்ததை அத்தெருவினர் இன்றும் சொல்வதுண்டு. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு உறவினர் வருவார்கள் என்பதால், பங்குனியிலேயே வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். சமையலறை அலமாரிகளுக்குப் புது வண்ணம், கூடத்துக்கு டைல்ஸ், ஒழுகும் கூரைக்கு மராமத்து ஆகியவை திட்டம். இருபது நாளில் முடித்துத் தருவதாகச் சொன்ன கான்ட்ராக்டர் பாதித் தொகையை முன்பணமாகப் பெற்றுக்கொண்டார். எழுத்தில் எதுவும் இல்லை. ஒரு வாரம் ஆட்கள் வந்தார்கள். அதன்பின் மேஸ்திரிக்குக் காய்ச்சல், மணல் வரவில்லை, சிமெண்ட் விலை ஏறிவிட்டது என்று நாளுக்கொரு காரணம் வந்தது. பிறகு தொலைபேசியும் எடுக்கப்படவில்லை.

அதைவிடப் பெரிய துன்பம் ஒன்று நேர்ந்தது. டைல்ஸ் பதிக்க வந்தவர்கள் தறிக்குழியை வீண் பள்ளம் என்று கருதி மண்ணிட்டு மூடிவிட்டார்கள். வீட்டுத் தலைவர் அன்று பாவு வாங்க வெளியே சென்றிருந்தார். நாற்பது ஆண்டுகளாக அவர் கால் பதித்த குழி அது. குழியின் நீளமும் ஆழமும் நெய்பவரின் உயரத்துக்கும் கால் வீச்சுக்கும் பொருந்த அமைய வேண்டியவை. புதிதாக வெட்டிக் கரையிட்டுத் தறியை நிலைநிறுத்த ஆனி மாதம் ஆயிற்று. கருட சேவையன்று அந்த மூதாட்டி திண்ணையில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துத்தான் பெருமாளுக்குப் பொங்கல் படைத்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. “பெருமாளும் இன்று தெருவில்தானே நிற்கிறார்” என்றாராம்.

அவ்வீட்டின் சமையலறை அலமாரிகளும் ஒரு பாடம் சொல்லின. தேக்குப் பலகைகளின் மேல் பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் படிந்திருந்தன. அதைக் கழுவாமல், உப்புத்தாள் தேய்க்காமல், பிரைமர் அடிக்காமல் நேரே எனாமல் பூசிவிட்டார்கள். இரண்டு நாள் பளபளவென்றிருந்தது. ஆடி வருவதற்குள் அப்பளம் போல் உரியத் தொடங்கியது. அலமாரிக்கு வண்ணம் பூசுவதில் பெரும்பகுதி உழைப்பு வண்ணத்துக்கு முந்தியது. சோடா கரைத்த வெந்நீரில் பிசுக்கை நீக்க வேண்டும். நன்றாகக் காயவிட வேண்டும். உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிரைமர் பூசி, குழிகளைப் பட்டி பார்த்து, மீண்டும் தேய்க்க வேண்டும். அதன்பின்பே வண்ணம், அதுவும் இரண்டு பூச்சு. ஒன்று நன்றாக உலர்ந்த பிறகே அடுத்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இவ்வேலையைத் தொடங்காதிருப்பது நல்லது.

சுவர்களுக்கும் ஒரு குணம் உண்டு. பழைய வீடுகள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரிவாயுவை மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாக இறுகுகிறது. ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பும் அதற்கு உண்டு. அதன்மேல் சிமெண்டையும் எண்ணெய் வண்ணத்தையும் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி உப்பாகப் பூத்து, பூச்சைத் தள்ளிவிடுகிறது. குறை வண்ணத்தினுடையது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரு பொருள்களைச் சேர்த்ததே குறை.

இதை உணர நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலுக்கு ஒரு மாலை சென்று வந்தால் போதும். மென்மையான மணற்கல்லால் ஆன அக்கோயில் மழையிலும் வெயிலிலும் தேய்ந்தது. பிற்காலத்தவர் அன்போடுதான் அதன் சிற்பங்கள் மீது சாந்து பூசினார்கள். அந்தப் பூச்சே பல இடங்களில் பல்லவச் சிற்பியின் உளி வேலையை மறைத்துவிட்டது. திருச்சுற்றில் உள்ள சிறு சன்னதிகளில், பூச்சுகளுக்கு அடியில் பல்லவர் கால ஓவியங்கள் மறைந்திருந்ததை 1931ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் கண்டறிந்தார். புதுப்பித்தல் என்று நாம் செய்வது சில வேளைகளில் மூடி மறைத்தலாகவும் ஆகிவிடும்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. திருவரங்கம் கோயிலில் அண்மைக் காலத்தில் நடந்த திருப்பணியில் பிற்காலச் சேர்க்கைகளை அகற்றி, பழைய அமைப்பை மரபு முறையில் மீட்டார்கள். அதற்காக 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. எதைச் சேர்ப்பது என்பதற்கு முன், எதை விட்டுவைப்பது என்று எண்ணியவர்களுக்குக் கிடைத்த சிறப்பு அது.

வேலை தொடங்கும் முன் எண்ணுவதற்குச் சிறந்த வழிகாட்டி பூசலார் நாயனார். திருநின்றவூரில் கோயில் எழுப்பப் பொருள் தேடி, எங்கும் கிடைக்காமல், மனத்திலேயே கட்டத் தொடங்கினார். அதிலும் ஒழுங்கை அவர் விட்டுவிடவில்லை. முதலில் பொருள் சேர்த்தார், தச்சரை அமர்த்தினார், நல்ல நாள் பார்த்தார். அடித்தளம் முதல் சிகரம் வரை வரிசையாக எழுப்பினார். சுதை வேலை முடித்து, கிணறும் மதிலும் திருக்குளமும் அமைத்த பின்னரே பிரதிஷ்டைக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் கட்டிய கற்றளிக்கு விழா வைத்திருந்த காடவர் கோமானின் கனவில் இறைவன் தோன்றி, “நாளை அன்பன் ஆலயத்துக்குச் செல்கிறோம், உன் விழாவைப் பின்னொரு நாள் வைத்துக்கொள்” என்ற கருத்தில் அருளியதைச் சேக்கிழார் பெருமான் பாடியிருக்கிறார்.

பூசலார் மனத்தில் செய்ததை நாம் தாளில் செய்யலாம். எந்த அறையில் என்ன வேலை, எந்தப் பொருள், எந்த வரிசை, எவ்வளவு கூலி என்று எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். எதைத் தொடக்கூடாது என்பதையும் எழுத வேண்டும். தறிக்குழி, மாடக்குழி, பூஜை அறைப் படி எதுவாயினும். வீட்டுக் கடன் தரும் வங்கிகள் முழுத் தொகையையும் ஒரே நாளில் கொடுப்பதில்லை. அடித்தளம், கூரை என்று வேலை ஏற ஏறப் பார்த்துப் பார்த்துப் பகுதி பகுதியாக வழங்குகின்றன. வீட்டுக்காரரும் அவ்வாறே செய்யலாம். பொருள் வாங்க ஒரு சிறு முன்பணம். பிறகு முடிந்த வேலைக்கு மட்டும் பணம்.

வேலை செய்பவர் பக்கத்தையும் நினைக்க வேண்டும். புதிய வேலையின் முன்பணத்தில் பழைய வேலையின் கூலியைக் கொடுக்கும் நிலையில் பல சிறு கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் ஒரே நேரத்தில் நான்கு வீடுகளை ஒப்புக்கொண்டு எதையும் முடிக்க இயலாமல் திணறுகிறார்கள். முடிந்த வேலைக்கு அன்றன்றே கணக்குத் தீர்க்கும் வீட்டுக்கு ஆட்கள் தாமாகவே வருவார்கள். கும்பாபிஷேகத்தில் ஸ்தபதிக்கும் பணியாளர்களுக்கும் வஸ்திரமும் சம்பாவனையும் அளித்துச் சிறப்பிக்கிறோம். வீட்டு வேலை முடிந்த நாளில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இலை போட்டு உணவிட்டு, ஒரு வேட்டியோ சேலையோ கொடுப்பதும் அதே மரபுதான்.

கும்பாபிஷேகம் ஆனவுடன் திருப்பணி நிறைவடைந்துவிடுவதில்லை. அதன்பின் நாற்பத்தெட்டு நாள் மண்டலாபிஷேகம் உண்டு. வீட்டுக்கும் அந்த நாற்பத்தெட்டு நாள் வேண்டும். கூலியில் ஒரு சிறு பகுதியை அதுவரை நிறுத்திவைப்பதாக முதலிலேயே பேசி எழுதிக்கொள்வது நல்லது. அதற்குள் ஒரு மழையாவது பெய்யட்டும். அலமாரிக் கதவுகள் பலமுறை திறந்து மூடப்படட்டும். கூரை ஒழுகவில்லை, வண்ணம் உரியவில்லை என்று கண்ட பிறகு, வெற்றிலை பாக்கோடு மிச்சத் தொகையை மனமுவந்து கொடுக்கலாம்.