தபால் ஊருக்குள் வரும், தெருவுக்குள் வராது

தீண்டாமை என்றதும் நம் பிள்ளைகளுக்கு இரட்டைக் குவளை நினைவுக்கு வரும், கோயில் நுழைவு நினைவுக்கு வரும், 2008 மே மாதம் ஒரு பகுதி இடிக்கப்பட்ட உத்தப்புரம் சுவர் நினைவுக்கு வரும். தபால் நினைவுக்கு வருவதில்லை. கன்ஷ்யாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட், சதீஷ் தேஷ்பாண்டே, அமிதா பாவிஸ்கர் ஆகிய ஐவரும் சேர்ந்து எழுதி 2006இல் வெளிவந்த ஊரக இந்தியாவில் தீண்டாமை பற்றிய நூலைப் புரட்டிப் பாருங்கள். 11 மாநிலங்களில், 565 கிராமங்களில் எடுத்த கணக்கு அது. அதில் 23.5 விழுக்காடு கிராமங்களில் தலித்துகளின் வீட்டுக்குத் தபால் வந்து சேர்வதில்லை. கிட்டத்தட்ட நாலு ஊருக்கு ஒரு ஊர்.

கல்லூரி நூலகத்தில் அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் அப்பத்தா அந்தக் கணக்குக்குள் இருந்தவர்.

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம், பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் நெல் விளையும் ஊர். அப்பத்தாவுக்கு முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்துகொண்டிருந்தது. 1962இல் மாதம் 20 ரூபாயோடு இந்த மாநிலத்தில் தொடங்கிய திட்டம் அது. தபால்காரர் ஊர்த்தெரு முழுக்க வீடு வீடாகப் போவார். எங்கள் தெரு முனையில் ஒரு வேப்பமரம். அங்கே சைக்கிளை நிறுத்தி மணியடிப்பார். இருபத்தைந்து, முப்பது வயதுக்காரர், எழுபத்தைந்து வயது மனுசியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். "ஏய், பணம் வந்துருக்கு, வா." அப்பத்தா ஓடுவார். "இந்தா வந்துட்டேன் சாமி" என்றுதான் பதில் வரும். ரேகை உருட்டி, சாட்சிக்கு யாரையாவது பிடித்துக் கையெழுத்து வாங்கி, டீக்காசு போக மிச்சத்தை எண்ணிக் கொடுப்பார். அந்த டீக்காசை லஞ்சம் என்று அப்பத்தா ஒருநாளும் சொன்னதில்லை. அது மரத்தடி வரை வந்ததற்கான கூலி என்று நினைத்துக்கொண்டார்.

முழங்கால் மடங்காமல் போனபோதுதான் சிக்கல். வேப்பமரம் எங்கள் வீட்டிலிருந்து நூற்றைம்பது அடி இருக்கும். மணியார்டர் பணத்தை உரியவர் கையில்தான் கொடுக்க வேண்டும், பேரன் போய் நின்றால் தர மாட்டார். "உள்ள வண்டி வராதுப்பா" என்பார். ஆனால் வாரத் தவணை வசூலிக்கும் பைனான்ஸ்காரர் பைக் காலை ஏழு மணிக்கே எங்கள் அடுப்படி வரை வந்து நிற்கும். ஓட்டுக் கேட்டு ஜீப்பே வரும். தபால் சைக்கிளுக்கு மட்டும் அந்தத் தெரு குறுகிப்போகும்.

அலுவலகத்துக்கே போய் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். கிராமத்துக் கிளை அஞ்சலகம் எங்கே இருக்கிறது தெரியுமா? பெரும்பாலும் கிளை அஞ்சல் அதிகாரியின் சொந்த வீட்டில். இடத்தை அவரே ஏற்பாடு செய்து தர வேண்டும் என்பது துறையின் விதி. அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிவப்புப் பெட்டி தொங்கும் சுவர் இந்திய அரசுக்கு, திண்ணை சாதிக்கு. எங்கள் ஆட்கள் முற்றத்தில் நின்று ஸ்டாம்பு வாங்கினார்கள். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எல்லாம் எல்லாருக்கும் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றியது 1924இல். அலுவலகமே ஒருவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் அந்தத் தீர்மானம் எந்தப் படியில் ஏறும்?

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு தகவல் உரிமை மனு போட்டோம். 10 ரூபாய் கட்டணம், மூன்றே கேள்வி. இந்த பீட்டில் எந்தெந்தத் தெருக்கள் அடங்கும்? கடந்த ஆறு மாதத்தில் எங்கள் தெரு முகவரிக்கு வந்து திருப்பி அனுப்பப்பட்ட பதிவுத் தபால்கள் எத்தனை, அவற்றின் மேல் எழுதிய குறிப்பு என்ன? கடைசியாக ஆய்வாளர் இந்த பீட்டைப் பார்வையிட்டது எப்போது? முப்பது நாளுக்குள் பதில் வந்தது. அதையும் வேப்பமரத்தடியில் நின்று மணியடித்துத்தான் கொடுத்தார். ஆனால் அந்தக் காகிதத்தில், எங்கள் தெரு பீட்டுக்கு உட்பட்டதுதான் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நகலெடுத்து வைத்துப் புகார் எழுதியதும் சைக்கிள் உள்ளே வந்தது. வாசலில் நின்று, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பணத்தைக் கொடுத்தார். போகட்டும், வந்தாரல்லவா. அப்பத்தாதான் பயந்துபோனார். "எதுக்குய்யா வம்பு, நாளப்பின்ன பணத்த நிறுத்திட்டா?" என்று எங்களைத்தான் திட்டினார்.

இதில் உதவித்தொகையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சட்டம் படிக்கிற தம்பி தங்கைகள் கொஞ்சம் கவனியுங்கள். 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், 27ஆம் பிரிவு. சரியான முகவரி எழுதி, உரிய கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அது சேர்ந்ததாகவே கொள்ளப்படும். பட்டா விசாரணை நோட்டீஸ் வருகிறது, நில எடுப்பு நோட்டீஸ் வருகிறது. தெருவுக்குள் கால் வைக்காமலே "வீடு பூட்டியிருந்தது" என்று உறைமேல் எழுதி, ஏழு நாள் வைத்திருந்து அனுப்பியவருக்கே திருப்பிவிடுகிறார்கள். படுத்த படுக்கையாய்க் கிடக்கிற கிழவி எங்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு போவார்? ஆனால் கோப்பில் அவர் நோட்டீஸ் கிடைத்தும் வராதவர். நிலம் போகும்போது மரத்தடியில் நின்ற சைக்கிளைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் டிராக்கிங் எண் கிடைத்தால் அன்றன்றைக்குப் பாருங்கள், "ஆள் இல்லை" என்று விழுந்தால் அன்று வீட்டில் யார் இருந்தார்கள் என்று தேதியோடு எழுதிவைக்கச் சொல்கிறேன். மாறாக நிரூபிக்க நம்மிடம் அதுதான் இருக்கும். தீண்டாமையைக் காரணமாக வைத்துச் சேவை மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 6ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும் மனுவில் ஒரு வரி சேருங்கள்.

பை தூக்குகிற ஆளையே எதிரியாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. கிராமிய அஞ்சல் ஊழியர்கள் முழுநேர அரசு ஊழியர்களாகக்கூடக் கருதப்படாதவர்கள். 2018இல் கமலேஷ் சந்திரா குழுப் பரிந்துரைகளை நிறைவேற்றச் சொல்லி இரண்டு வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கோரிக்கை நியாயமானது. அதே தொழிற்சங்கத் தோழர்கள் தங்கள் கூட்டத்தில் இந்த வேப்பமரத்தைப் பற்றியும் ஒருநாள் பேசியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். எனக்குத் தெரிந்து பக்கத்து ஊரில் நம் தம்பி ஒருவன் அந்த வேலையில் இருக்கிறான். ஊர்த்தெருவில் அவன் படிக்குக் கீழே நின்று "தபால்" என்று குரல் கொடுக்க வேண்டும். நம் தெருவில் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, வந்த கடிதத்தைப் படித்தும் காட்டிவிட்டுப் போவான்.

இப்போது உதவித்தொகை வங்கிக் கணக்குக்குப் போகிறது. 2023 ஆகஸ்டில் தொகை 1,200 ரூபாய் ஆனது. மரத்தடி ஒழிந்தது என்று நினைத்தோம். கணக்கிலிருந்து பணத்தை எடுத்துத் தருகிற வங்கி முகவர் கையடக்க எந்திரத்தோடு ஊர்ச் சாவடிப் பக்கம் உட்காருகிறார். எண்பது வயதுப் பெரியம்மாவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு போகிறோம். எந்திரத்தில் ரேகை விழவில்லை. நாற்று நட்டு, கதிர் அறுத்து, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல். நாலு முறை துடைத்து வைத்தும் விழாமல் "நாளைக்கு வாங்க" என்று அனுப்பப்பட்ட நாட்கள் உண்டு.

இத்தனைக்கும் 2018 செப்டம்பரில் தொடங்கிய இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியில் தபால்காரரே வீட்டுக்கு வந்து, ஆதார் இணைத்த எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் பணம் எடுத்துத் தரும் வசதி இருக்கிறது. ஓய்வூதியர்களுக்கு உயிர்வாழ் சான்றும் வீட்டிலேயே பதிந்து தருகிறார்கள். அந்தச் சான்றுக்கு 2021 முதல் ரேகைக்குப் பதில் முகத்தைக் காட்டினாலே போதும். மதுரை நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கும் என் நண்பர்களின் பெற்றோர் இதையெல்லாம் சோபாவில் உட்கார்ந்தபடி முடித்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் இப்படி ஒன்று இருப்பதையே யாரும் வந்து சொல்லவில்லை.

முகவரியும் ஒரு தொல்லை. எங்கள் வீடுகளுக்குக் கதவு எண் ஒழுங்காகக் கிடையாது. உறைமேல் 'காலனி' என்று எழுதினால்தான் தபால் வழி கண்டுபிடிக்கும், எழுதினால் சாதியும் தெரிந்துவிடும். 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அடுத்த மாதமே அஞ்சல் துறை டிஜிபின் கொண்டுவந்தது. நாட்டையே நான்குக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்துக் குறியீடு. பெரியம்மாவின் கட்டில் கிடக்கிற இடத்துக்குக்கூட இப்போது குறியீடு இருக்கிறது. கைபேசியில் எடுத்துக் காட்டினேன். "அப்ப இனி உள்ள வருவாகளா?" என்று கேட்டார்.

போன மாதம் எங்கள் தெருவில் நடக்க முடியாத பெரியவர்களைக் கணக்கெடுத்தோம். பதினொரு பேர். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர்களுக்கு வரவேண்டிய தபால், பணம், ஒவ்வொருவரின் டிஜிபின் எல்லாம் எழுதி, மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் தபால்காரர் எந்திரத்தோடு வீடு வீடாக வர வேண்டும் என்று கோட்டக் கண்காணிப்பாளருக்கு மனு தயாரித்தோம். அரசு எந்திரத்தில் விழாத ரேகைகள் மனுக் காகிதத்தில் மையோடு நன்றாகவே விழுந்தன. ஒப்புகையோடு அனுப்பியிருக்கிறோம். ஒப்புகை இன்னும் திரும்பி வரவில்லை. பக்கத்து ஊர்களில் இதே கணக்கை எடுக்க நினைக்கிற மாணவர்கள் மனுவின் நகலை என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.