விரலால் படிப்பவரின் விம் எடிட்டர்

முட்டுக்காடு என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது படகுக் குழாம். கலை ஆர்வம் உள்ளவர்களுக்கு தட்சிணசித்ரா. அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2005 முதல் ஒரு மத்திய அரசு நிறுவனமும் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகளோடு வாழ்பவர்களுக்கான தேசிய நிறுவனம் அது. ஒருவருக்குப் பார்வையும் இல்லை, கேட்கும் திறனும் இல்லை என்றால் அவரை "இது கண் கேஸ், இது காது கேஸ்" என்று பிரித்து அலைய விடாமல் ஒரே இடத்தில் கவனிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

பேருந்தில் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்து போகும் கணினி மாணவர்கள் ஏராளம். அவர்களில் யாராவது ஒருவருக்கு இப்படி ஒரு கேள்வி வந்திருக்கலாம். பார்வை இல்லாத ஒருவர் புரோகிராம் எழுத உட்கார்ந்தால் தன் எடிட்டரை எப்படி அமைத்துக்கொள்வார்?

சின்னக் கேள்விதான். ஆனால் பதிலைத் தேடிப் போனால், செட்டிங்ஸ் பற்றி இதுவரை நினைத்திருந்ததெல்லாம் தலைகீழாகிவிடும்!

விம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி அறிமுகம். டெர்மினல் என்ற கறுப்புத் திரைக்குள், மவுஸ் இல்லாமல் கீபோர்டாலேயே இயக்கும் எடிட்டர் அது. பிராம் மூலனார் 1991-ல் வெளியிட்டார். 2023-ல் அவர் மறைந்த பிறகும் தன்னார்வலர்கள் அதை வளர்த்து வருகிறார்கள். விம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை '.விம்ஆர்சி' என்ற சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் எழுதி வைக்கலாம். விடுதிகளில் சீனியரிடமிருந்து ஜூனியருக்குப் பரம்பரைச் சொத்து மாதிரி கைமாறும் கோப்பு அது. அதைத் திறந்து பார்த்தால் வண்ணம், வரி எண், அடியில் பளபளக்கும் நிலைப்பட்டை, கர்சர் நிற்கும் வரிக்குத் தனி நிறம் என்று இருக்கும். அத்தனையும் கண்ணுக்கு!

டிஃபால்ட் எங்கிருந்து வந்தது?

"டிஃபால்ட் செட்டிங்கில் விட்டால் எல்லோருக்கும் பொதுவாக இருக்குமே" என்று தோன்றலாம். அப்படிப் பொதுவான டிஃபால்ட் என்று எதுவும் கிடையாது. விம்மின் முன்னோடியான வி.ஐ. எடிட்டரை 1976-ல் பில் ஜாய் எழுதியபோது அவர் பயன்படுத்தியது ஏ.டி.எம்.-3ஏ என்ற டெர்மினல். அதில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை இல்லை. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. இன்றைக்கு டேப் இருக்கும் இடத்தில் எஸ்கேப் இருந்தது. அதனால்தான் இன்றும் விம்மில் அந்த நான்கு எழுத்துகளால் நகர்கிறார்கள், மூலையில் இருக்கும் எஸ்கேப்பை எட்டி எட்டி அழுத்துகிறார்கள். ஒருவருடைய கைக்கும் ஒரு கருவிக்கும் ஏற்றதாகப் பிறந்தது பிறகு உலக வழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். வேறு கையோடு, வேறு கருவியோடு வருபவர் அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஒரு வரிக்கு 40 கட்டங்கள்

பார்வையற்றவர் கணினியைப் படிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஸ்கிரீன் ரீடர் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும். இன்னொன்று பிரெயில் டிஸ்ப்ளே. கீபோர்டுக்கு முன்னால் வைக்கும் பட்டையான கருவி அது. வரிசையாகக் கட்டங்கள் இருக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் எட்டு ஊசிகள் மேலும் கீழும் எழும்பி எழுத்தாகும். விரலால் தடவிப் படிக்க வேண்டும். 40 கட்டக் கருவி பரவலானது. விலை கட்டுப்படியாகாதவர்கள் 20 கட்டக் கருவியோடு சமாளிக்கிறார்கள்.

எழுத்து மட்டுமே உள்ள டெர்மினல் இதற்குத் தோதான இடம். பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்ற கட்டற்ற மென்பொருள் 1995-லிருந்தே லினக்ஸ் கன்சோலை பிரெயிலுக்குக் கொண்டுவருகிறது. குரலுக்கு ஸ்பீக்கப் இருக்கிறது. அது 2020-ல் லினக்ஸ் கெர்னலின் முறையான பகுதியாகவே ஆகிவிட்டது.

இப்போது சீனியரின் விம்ஆர்சியை இவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

முதல் வரி 'செட் நம்பர்'. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் வரி எண் வரும். இதற்கு விம் குறைந்தது நான்கு இடம் ஒதுக்கும். 40 கட்டத்தில் நான்கு போனால் 36. 20 கட்டத்தில் போனால் 16! ஒவ்வொரு வரியிலும் விரல் முதலில் எண்ணைத் தடவிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். இவருக்கு 'செட் நோநம்பர்' போதும். எந்த வரியில் இருக்கிறோம் என்று தெரிய வேண்டியபோது கண்ட்ரோல்-ஜி அழுத்தினால் விம்மே சொல்லிவிடும்.

அடுத்து 'ரூலர்'. கர்சர் எந்த வரியில், எந்த எழுத்தில் நிற்கிறது என்று திரையின் அடியில் காட்டுவது. கண்ணுக்கு அது ஓர் ஓரத்தில் கிடக்கும், வேண்டும்போது பார்க்கலாம். காதுக்கு ஓரம் என்று ஒன்று இல்லை. கர்சர் ஓர் எழுத்து நகர்ந்தாலும் எண் மாறும். திரையில் மாறுவதையெல்லாம் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் அதையும் வாசிக்கக் கிளம்பிவிடும். விம் 8-லிருந்து, சொந்தமாக விம்ஆர்சி இல்லாதவருக்கு ரூலர் உட்படச் சில செட்டிங்குகள் தாமாகவே ஏறிக்கொள்கின்றன. வெறும் காலிக் கோப்பை விம்ஆர்சி என்ற பெயரில் சேமித்தாலே அந்தத் தொகுப்பு ஏறாது. சில லினக்ஸ் வெளியீடுகள் தம் பங்குக்கு ரூலரைச் சேர்ப்பதுண்டு என்பதால் 'செட் நோரூலர்' என்று எழுதிவிடுவது நல்லது.

வண்ணம்? வேண்டாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அங்கேதான் ஓர் ஆச்சரியம். பிரெயில் எழுத்துக்கு ஆறு புள்ளிகளே போதும். கட்டத்தின் அடியில் மிஞ்சும் ஏழாவது, எட்டாவது புள்ளிகளைக் கொண்டு, தனித்துக் காட்டப்பட்ட எழுத்துகளுக்கு பி.ஆர்.எல்.டி.டி.ஒய். அடிக்கோடு போட முடியும். தேடிய சொல்லை விம் நிறம் மாற்றிக் காட்டினால் அது விரலுக்கும் தட்டுப்படும்.

இன்னொன்று 'செட் லிஸ்ட்'. டேப், வரிக் கடைசியில் தங்கிய வெற்றிடம் ஆகியவற்றைக் குறியீடுகளாகக் காட்டும் இதைப் பலர் "திரை அசிங்கமாகிறது" என்று அணைத்துவிடுவார்கள். விரலுக்கோ வெற்றிடம் என்பது வெறுமை. அது டேப்பா, ஸ்பேஸா, வரியே முடிந்துவிட்டதா என்று பிரித்தறிய முடியாது. அசிங்கம் என்று ஒதுக்கியது இங்கே கண்ணாடி மாதிரி வேலை செய்கிறது.

அந்த 'பீப்' சத்தம்

விம்மில் புதியவர்களைத் திணறடிப்பது அதன் நிலைகள். இன்சர்ட் நிலையில் தட்டினால் எழுத்து விழும். நார்மல் நிலையில் தட்டினால் அதே விசை கட்டளையாகும். வரியை அழிக்கும் கட்டளை உட்பட! எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரியாமல் தட்டுவது ஆபத்து.

பார்வையுள்ளவர் அடியில் 'இன்சர்ட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்கிறார். விரல் மேலே ஏதோ ஒரு வரியில் இருக்கும்போது அடியில் எழுதியிருப்பது எப்படித் தெரியும்? அதற்கு விம்மிலேயே பழைய வழி ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே நார்மல் நிலையில் இருந்துகொண்டு எஸ்கேப் அழுத்தினால் விம் 'பீப்' என்று ஒலிக்கும். சத்தம் வரும்வரை அழுத்தினால் போதும், நிலை உறுதியாகிவிடும். லேபில் தொல்லை என்று முதல் நாளே எல்லோரும் அணைக்கும் சத்தம் அதுதான். சிலர் அதற்குப் பதில் 'விஷுவல்பெல்' போட்டுத் திரையை மின்ன வைப்பார்கள். பார்வையற்றவருக்குத் திரை மின்னி என்ன ஆகப்போகிறது?

சரி, காதும் கேட்காது என்றால்? முட்டுக்காட்டு நிறுவனத்தின் பெயரில் உள்ள 'ஒன்றுக்கு மேற்பட்ட' என்ற சொல்லின் கனம் இங்கேதான் புரிகிறது. கண்ணுக்குப் பதில் காது என்று மாற்றிக்கொடுக்கும் வழியெல்லாம் இவரிடம் பலிக்காது. கண் போனால் காது என்ற கணக்கில் எழுதிய உதவிக் குறிப்புகளில் பாதி இவருக்கு வீண். இவருக்கு மிஞ்சுவது விரல் மட்டுமே. அதனால் 'ஷோமோட்' கட்டாயம் இருக்க வேண்டும். பிரெயில் கருவியில் ஒரு விசையைத் தட்டினால் திரையின் கடைசி வரிக்குப் போய் நிலையைப் படிக்கலாம், இன்னொரு விசையில் கர்சர் இருக்கும் இடத்துக்கே திரும்பலாம். அழகான நிலைப்பட்டை போட்டவர்கள் "அதிலேயே தெரிகிறதே" என்று அணைக்கும் முதல் செட்டிங் ஷோமோட்!

இன்னொரு வழி, திரையையே விட்டுவிடுவது. கென் தாம்ப்ஸன் 1969-ல் எழுதிய 'எட்' எடிட்டர் கேட்டால் கேட்ட வரியைத் தரும், கேட்காவிட்டால் பேசாமல் இருக்கும். இன்று அருங்காட்சியகப் பொருள் போலத் தோன்றும் அந்த முறை ஒரே வரி மட்டும் காட்டும் கருவிக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. பார்வையற்ற நிரலரான கார்ல் டால்கே அதே பாணியில் 'எட்பிரவுஸ்' எழுதினார். விம்முக்குள்ளும் 'எக்ஸ்' என்ற அந்தப் பழைய வரி நிலை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஈமாக்ஸ் பக்கம் போனால், இந்தியாவில் பிறந்து, சிறு வயதில் பார்வை இழந்த டி.வி. ராமன் 1995-ல் வெளியிட்ட 'ஈமாக்ஸ்பீக்' இருக்கிறது. அது எடிட்டருக்கு உள்ளிருந்தே பேசும். இவையெல்லாம் யாரோ இரக்கப்பட்டுச் செய்துகொடுத்தவை அல்ல. தேவைப்பட்டவர்களே தங்களுக்கு எழுதிக்கொண்டவை.

தமிழ் எழுதினால்?

லினக்ஸின் வெறும் கன்சோலில் அதிகபட்சம் 512 எழுத்துருவங்கள்தான் கொள்ளும். தமிழுக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. ஒவ்வொரு எழுத்தும் ஒரு கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ நிற்கும். திரையில் எழுத்து போனால் பிரெயிலிலும் போயிற்று. பிரெயில் மென்பொருளுக்குக் கிடைத்ததே அந்தக் கேள்விக்குறிதான். 2018-ல் வந்த கெர்னல் 4.19 இதை மாற்றியது. பி.ஆர்.எல்.டி.டி.ஒய். குழுவைச் சேர்ந்த நிகோலா பித்ர் எழுதிய மாற்றத்தால், திரையில் காட்ட முடியாவிட்டாலும் உண்மையான யூனிகோட் எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கும். கண்ணுக்குக் கேள்விக்குறியாகத் தெரிவது விரலுக்கு எழுத்தாகக் கிடைக்க வழி பிறந்தது.

'கொ' போன்ற எழுத்துகளைப் பல டெர்மினல்கள் கொம்பு தனி, கால் தனி என்று பிய்த்துப் போடும். 1951-ல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலில் அந்தத் தகராறே இல்லை. முதலில் க, பிறகு ஒ என்ற ஒலி வரிசையில்தான் எழுதுகிறார்கள். தமிழில் திருத்துபவர்களுக்கு விம்மில் 'டெல்கம்பைன்' என்ற செட்டிங்கும் உதவும். சாதாரணமாக 'க்' மேல் அழித்தால் எழுத்தும் புள்ளியும் சேர்ந்து போய்விடும். இதைப் போட்டால் புள்ளி மட்டும் போகும், 'க' நிற்கும்.

பார்வையுள்ளவர் செய்ய வேண்டியது

"சரி, இதெல்லாம் அவர்களுடைய விம்ஆர்சி. மற்றவர்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிறமும் எண்ணும் அவரவர் திரையோடு நின்றுவிடும். ஆனால் சில செட்டிங்குகள் கோப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்து, அடுத்தவர் கைக்கும் போகின்றன. 'எக்ஸ்பேண்ட்டேப்' அப்படிப்பட்டது. டேப் விசையைத் தட்டினால் டேப்புக்குப் பதில் ஸ்பேஸ்களை எழுதும்.

கோப்பில் டேப் இருந்தால் அதன் அகலத்தைப் படிப்பவர் தீர்மானிக்கலாம். 'டேப்ஸ்டாப்' 8 என்று ஒருவர் வைத்துக்கொள்வார், பிரெயிலில் படிப்பவர் 1 என்று வைத்துக்கொள்வார். யாருக்கும் நஷ்டமில்லை. நான்கு நான்கு ஸ்பேஸ்களாக எழுதிவிட்டால் அது எழுதியவரின் தீர்மானம். மூன்று அடுக்கு உள்ளே போன வரியில் 12 கட்டங்கள் வெறுமையாகப் போகும். 20 கட்டக் கருவியில் மிஞ்சுவது எட்டு! பைத்தான் மொழியின் நடை விதிகள் நான்கு ஸ்பேஸைத்தான் பரிந்துரைக்கின்றன என்பதும் உண்மை. அதனால் எங்கேயும் டேப்தான் என்று சட்டம் போட முடியாது. ஆனால் நான்கு பேர் சேர்ந்து புராஜெக்ட் செய்யும்போது, "இதை யார் யார் எதைக் கொண்டு படிக்கப்போகிறார்கள்?" என்று தொடங்கும் முன்பே கேட்டுவிடலாம். காசு செலவில்லை.

லேப் விஷயமும் அப்படித்தான். பொதுக் கணினிகளை ஒவ்வொரு நாளும் துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வழக்கம் பல இடங்களில் உண்டு. மற்றவர்களுக்கு அதில் போவது ஒரு கலர் ஸ்கீம். விரலால் படிப்பவருக்குப் போவது அன்றைய தேர்வு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'நியாயமான வசதி' என்று சொல்வதைச் சாய்தளமும் லிஃப்டும் என்று மட்டும் புரிந்துகொள்ளக் கூடாது. பென் டிரைவில் கொண்டுவந்த பத்து வரி விம்ஆர்சியை, தேர்வு தொடங்கும் முன் ஹோம் டைரக்டரியில் வைக்க அனுமதிப்பதும் அதில் சேர வேண்டியதுதான்.