கரிசலும் கறிவேப்பிலையும்

நாகபுரிக்கு மாற்றலாகி வந்த தமிழ்க் குடும்பங்களின் முற்றத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடியேனும் நிற்பது வழக்கம். எங்கள் ரயில்வே குடியிருப்பில் நிற்பது, கோவில்பட்டிப் பக்கத்துக் கொல்லையிலிருந்து அன்னையார் மடியில் வைத்துக் கொணர்ந்த கன்று. அவ்வீடு பின்னர் விலைபோயிற்று. எஞ்சியது இச்செடி ஒன்றே. சென்ற கோடையில் அதன் கொழுந்துகள் வெளுத்தன.

"கரிசலில் பிறந்தது கரிசலில் வாடுமா? பசிதான். எருப் போடுங்கள்" என்றார் அன்னையார். பசி எதற்கென்று அறியாமல் உரமிட எங்களுக்கு மனம் வரவில்லை. மண்ணை வீட்டிலேயே சோதிக்க முனைந்தோம்.

சருகை விலக்கி, ஐந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் தோண்டி, குழியின் பக்கச் சுவரைச் சீவியெடுத்த மண்ணைக் கலந்து நிழலில் உலர்த்தினோம். கரிசல் உலர்ந்தால் கல்லேதான். உடைத்துச் சலிப்பதற்குள் ஒரு மாலைப்பொழுது கழிந்தது.

கடையில் விற்கும் சோதனைப் பெட்டியில் தழை, மணி, சாம்பல் என்னும் மூன்று சத்துக்களுக்கும் தனித்தனிப் பொடிகள் உண்டு. மண் கரைத்துத் தெளிந்த நீரில் பொடியை இட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். தழைச்சத்து சற்றுக் குறைவு, சாம்பல்சத்து நிறைவு. கரிசலுக்கு இது இயல்பே. மணிச்சத்தின் நீலத்தைப் பற்றி வீட்டில் மூவரும் மூன்று விதமாகச் சொன்னோம்! உழவர்களுக்கென 2015இல் தொடங்கிய மண்வள அட்டையில் இரும்பு உட்பட 12 அளவுகள் இடம்பெறும். எங்கள் பெட்டியோ இரும்பைத் தொடுவதேயில்லை.

நிற்க. விடை கிடைத்தது சமையலறையில். ஒரு கரண்டி மண்ணில் வினிகர் விட்டதும் நுரைத்துப் பொங்கிற்று. சுண்ணாம்பு மிகுந்த மண் என்பதற்கு அதுவே அடையாளம். பி.எச். தாளும் நடுநிலையான 7ஐத் தாண்டி 8 காட்டிற்று. இத்தகைய மண்ணில் இரும்பு இருந்தும் கரையாது கட்டுண்டு கிடக்கும். மூட்டை கூட்ஸ் ஷெட்டில் இருக்கிறது, டெலிவரி ஆகவில்லை என்போமே, அந்நிலைதான். இலையும் அதையே சொல்லிற்று. தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலைகளே முதலில் வெளுக்கும். இங்கோ கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை.

இதற்கு அன்னபேதி உதவும். ஆயினும் மண்ணில் இட்டால் அதுவும் கட்டுண்டுவிடும். ஆதலின் ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்து, பத்து நாளுக்கொருமுறை மாலையில் இலைமேல் தெளித்தோம். அந்நாட்களில் சமையலுக்கு இலை பறிக்கவில்லை. மூன்றாம் தெளிப்புக்குப் பின் வந்த கொழுந்து பச்சையாக வந்தது.

அன்னையார் அன்னபேதிப் பொட்டலத்தைப் பெருங்காய டப்பாவுக்கு அருகில் வைத்துவிடுகிறார். அதை எடுத்துப் பரண்மேல் வைப்பது இப்போது எங்கள் அன்றாட அலுவல்களில் ஒன்று.