பெரியப்பாவின் அம்பாசடரும் விறைத்துப்போன ரப்பரும்



எங்க பெரியப்பாவிடம் ஒரு வெள்ளை அம்பாசடர் கார் இருக்கிறது. ராத்திரியில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அதில்தான் கூட்டிப் போவார். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் செய்த வண்டி. 2014 மே மாதத்தோடு அங்கே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. நம்ம மாவட்டம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். பெரியப்பாவின் கார் மேட்டில்தான் நின்றது. ஆனாலும் காலையில் கதவைத் திறந்தால் உள்ளே குளம்! கதவு ரப்பர் கட்டை மாதிரி விறைத்துப்போய் இருந்தது. அந்தச் சந்து வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அடித்தகட்டில் துரு பிடித்தால் கதை முடிந்தது. "பேசாம காயலான் கடையில போட்டுடுங்க" என்று பலர் சொன்னார்கள். பெரியப்பா, "பிரசவத்துக்குப் போற புள்ளைய எதுல கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டார். யாரும் பதில் பேசவில்லை.

ரப்பர் ஏன் விறைக்கிறது? பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதனுடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்று 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். கந்தகம் ரப்பர் இழைகளை அங்கங்கே முடிச்சுப் போட்டு இணைக்கிறது. வருஷக்கணக்கில் வெயிலும் காற்றும் பட்டால் முடிச்சுகள் அதிகமாகி ரப்பர் வளையாது. காற்றிலுள்ள ஓசோன் வெடிப்பு விழவைக்கும். போட்ட முடிச்சை நம்மால் அவிழ்க்க முடியாது. அதனால் வெடித்த ரப்பரை மாற்றத்தான் வேண்டும். லேசாக இறுகியதை மட்டும் காப்பாற்றலாம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் பெரியப்பாவும் உட்கார்ந்தோம். சோப்புத் தண்ணீரில் அழுக்கைத் துடைத்து, நிழலில் காயவைத்து, மருந்துக்கடை கிளிசரினைத் துணியில் தொட்டுத் தேய்த்தோம். ராத்திரி முழுக்க ஊறியது. பக்கத்து வீட்டு அண்ணன், "மண்ணெண்ணெய் போடுங்க, பளபளன்னு ஆயிடும்" என்றார். பளபளக்கும்தான், ஆனால் ரப்பர் ஊதி நைந்துவிடும். பெரியப்பா கேனை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்!

மறுநாள் சோதனை. நம்ம சாக்பீஸ்தான் கருவி. ரப்பர் முழுக்கத் தேய்த்துக் கதவை மூடித் திறந்தால், அது அழுந்துகிற இடமெல்லாம் வண்டியில் வெள்ளைக்கோடு விழும். கோடு விட்டுப்போன இடத்தில் ரப்பர் படியவில்லை என்று அர்த்தம். மூன்று கதவுகளில் கோடு சுற்றிலும் விழுந்தது. டிரைவர் கதவில் மேல்மூலை காலி. அங்கே வெடிப்பு. விழுப்புரத்தில் மீட்டர் கணக்கில் புது ரப்பர் வாங்கி ஒட்டினோம்.

அப்புறம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். பெரியப்பா உள்ளே உட்கார்ந்து பழைய பேப்பர் விரித்துப் பார்த்தார். பேப்பர் நனையவில்லை. டிக்கி ரப்பர்தான் பாக்கி. அதுவும் வெடித்திருக்கிறது. புதுசு வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போகணும் என்கிறார் பெரியப்பா.

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்