வரிச்சலுகையும் வயலுக்கு வரும் கம்பியும்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் இருக்கும் செம்மங்குப்பத்தில் ஒரு விவசாயி. இரண்டு ஏக்கர் நிலம். மல்லாட்டை, நெல், ஓரமாகக் கொஞ்சம் சவுக்கு. போரில் 5 குதிரைத்திறன் மோட்டார். டிரான்ஸ்பார்மரிலிருந்து வருகிற லைனில் கடைசிக் கொல்லை அவருடையது. கரண்டுக்குக் காசு இல்லை. ஆனால், கோடையில் எல்லா மோட்டாரும் சேர்ந்து ஓடும்போது அவர் கொல்லைக்கு வோல்டேஜ் எட்டுவதில்லை. ஒரே கோடையில் இரண்டு முறை காயில் எரிந்துபோனது. ரீவைண்டிங் செலவு, மோட்டாரைத் தூக்கி இறக்கும் கூலி, பூவெடுத்த நேரத்தில் வாடிய மல்லாட்டை என்று இழப்பு மூன்று பக்கமும் வந்தது. "இலவச கரண்டுக்கு நான் கட்டுற பில்லு இதுதான்" என்பார்.

அவருடைய அக்கா மகன் கடலூரில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். பேச்சு ஒருநாள் இந்தப் பக்கம் திரும்பியது. "பழைய லைனைப் புதுப்பிக்க சர்க்கார் வரிச்சலுகையே கொடுத்துச்சு மாமா" என்றார். "அப்படின்னா நம்ம லைன் மட்டும் ஏன் மாப்ள அப்படியே கெடக்குது?" என்று கேட்டார் மாமா. நியாயமான கேள்வி.

மருமகன் சொன்னது உண்மைதான். 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80-ஐஏ என்று ஒரு பிரிவு. 2004 ஏப்ரல் 1 முதல் 2017 மார்ச் 31 வரையிலான காலத்தில், பழைய மின்பாதைகளைப் பெரிய அளவில் புதுப்பிக்கும் நிறுவனத்துக்கு, அந்தத் தொழிலில் வரும் லாபத்தில் தொடர்ந்து 10 ஆண்டுகளுக்கு முழு வரிக்கழிவு உண்டு என்றது. பெரிய அளவு என்றால் என்ன என்பதற்கும் கணக்கு வைத்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இருந்த புத்தக மதிப்பில் குறைந்தது பாதி அளவுக்குப் புதிய சாதனங்கள் சேர்ந்திருக்க வேண்டும்.

சட்டம் சரி. ஆனால், லாபம் இருந்தால்தானே வரி? வரி இருந்தால்தானே சலுகை? தமிழ்நாட்டு மின்வாரியம் பல ஆண்டுகளாக நஷ்டத்தில் ஓடியது. 2017 ஜனவரியில் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது, அதன் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசே ஏற்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வாரியத்துக்கு லாபவரி விலக்கு என்பது மொட்டைத் தலையனுக்குச் சீப்பு கொடுத்த கதை.

லாபம் இருந்த இடத்தில் வரிச்சலுகை நன்றாகவே வேலை செய்தது. 1990-களில் காற்றாலை வாங்கினால் முதல் வருஷமே 100 சதவீதம் தேய்மானம் காட்டலாம் என்று இருந்தது. கோவை, திருப்பூர்ப் பக்கத்து மில்காரர்கள் முப்பந்தலில் காற்றாலை நிறுத்தினார்கள். 2012-ல் அந்தத் தேய்மானத்தை 15 சதவீதமாகக் குறைத்தார்கள். 2014-ல் 80 ஆக்கினார்கள். 2017-ல் 40-க்கு இறக்கினார்கள். காற்றாலை பெருகிய வேகத்துக்குக் கம்பி பெருகவில்லை. காற்று வீசும் பருவத்திலேயே காற்றாலையை நிறுத்தி வைக்கும் நிலை வந்தது. கம்பிக்கென்று தனியாக மத்திய அரசு மானியமும் ஜெர்மனிக் கடனும் சேர்த்து 'பசுமை மின்வழித்தடம்' போட வேண்டியதாயிற்று.

விவசாயிக்கும் இதே கதைதான். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. கழிக்க வரி இல்லாதவருக்குத் தேய்மானக் கழிவால் பைசா பிரயோஜனம் இல்லை. சோலார் பம்புசெட்டுக்கு வேளாண் பொறியியல் துறை கொடுக்கும் மானியம்தான் அவர் கைக்கு வந்து சேரும். கிராமத்து லைனுக்கும் அதுவே பொருந்தும். வேண்டியது மானியம்.

அப்படி ஒரு திட்டம் 2021-ல் வந்தது. மின்பகிர்மானத்தைச் சீரமைக்கும் ஆர்.டி.எஸ்.எஸ். திட்டம். மொத்த மதிப்பு 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் மத்திய அரசின் பங்கு 97,631 கோடி. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் லைன், டிரான்ஸ்பார்மர் வேலைகளுக்கு, ஒப்புதல் பெற்ற செலவில் 60 சதவீதம் வரை மானியம். விவசாயத்துக்குத் தனி மின்பாதை பிரிப்பதும் இதில் வரும். நுகர்வோருக்குப் பொருத்தும் முன்கட்டண ஸ்மார்ட் மீட்டரில் விவசாய இணைப்புகளைச் சேர்க்கவில்லை.

பணம் சும்மா வராது. தணிக்கை செய்த கணக்கை வாரியம் நேரத்துக்கு வெளியிட வேண்டும். இலவச மின்சாரம் போன்றவற்றுக்கு மாநில அரசு தர வேண்டிய மானியம் முழுதாக வாரியத்துக்குப் போயிருக்க வேண்டும். வழியில் வீணாகும் மின்சாரமும் குறைய வேண்டும்.

வீணாவது எப்படி? நீளமான தாழ்வழுத்தக் கம்பியில் மின்சாரம் போகப் போக வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினால், அதே தண்ணீரைத் தூக்க மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் கால் பங்கு கூடினாலே காயிலில் சூடு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். அதனால்தான் கடைசிக் கொல்லை மோட்டார் எரிகிறது. மாறாக, 11,000 வோல்ட் லைனையே கொல்லைக்கு அருகில் கொண்டுவந்து, சில மோட்டார்களுக்கு மட்டும் ஒரு சிறிய டிரான்ஸ்பார்மர் வைத்தால், அதே சக்திக்குக் கம்பியில் ஓடும் ஆம்பியர் 26-ல் ஒரு பங்காகிவிடும். வாரியத்துக்கும் மிச்சம்; விவசாயிக்கும் மோட்டார் மிஞ்சும்.

இங்கே விவசாயிகள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. டிரான்ஸ்பார்மரின் அளவைப் பதிவேட்டில் உள்ள குதிரைத்திறனைக் கூட்டித்தான் முடிவு செய்கிறார்கள். 5 என்று பதிந்துவிட்டு ஏழரையை ஓட்டினால், காகிதத்தில் அந்த டிரான்ஸ்பார்மருக்குக் குறையே தெரியாது. பாதிப்பு கடைசிக் கொல்லைக்காரருக்குத்தான். கூடுதல் திறனை முறைப்படி பதிவு செய்வதும், பொருத்தமான கெபாசிட்டர் போடுவதும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் செய்யும் உதவி.

தனியாகப் போய்க் கேட்பதைவிட, ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ளவர்கள் சேர்ந்து பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் மனு கொடுப்பது நல்லது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எத்தனை வோல்ட் இருந்தது என்று ஒரு வாரம் எழுதி வைத்து, ரீவைண்டிங் ரசீதுகளின் நகலையும் சேருங்கள். தாழ்வழுத்த இணைப்பில் வோல்டேஜ் 6 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது என்பது விதி. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். மின்னகம் எண் 94987 94987-ல் புகாரைப் பதிந்து, அந்தப் பதிவு எண்ணையும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் கூட்டத்துக்கு அதே காகிதங்களோடு போகலாம்.

வரிச்சலுகை லாபக் கணக்கு இருக்கும் இடத்தைத் தேடிப் போகும். மானியம், குறை எழுதப்பட்ட இடத்தைத் தேடி வர வேண்டும். அந்தக் குறையை எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் லைனின் கடைசியில் இருப்பவர்கள்தான்.