டிஸ்கஸ் எபவுட்

இந்த வருடம் கெம்பஸ் கிடைத்துப் போன என் மாணவி ஒருத்தி நேற்று மஃரிபுக்குப் பிறகு கோல் எடுத்தாள். ஸலாம் சொன்ன கையோடு முறைப்பாடுதான்.

"சேர், இங்கிலிஷ் மிஸ் படிப்பிக்கிறாவே இல்ல. நாலு நாலு பேரா இருத்திட்டு எங்களையே ஆளுக்காள் சொல்லிக்கொடுக்கச் சொல்றா. எங்களுக்கே தெரியா, என்னத்தச் சொல்லிக்கொடுக்கிற?"

சிரிப்பு வந்தது. 20 வருடத்துக்கு முன் ஒலுவிலில் நானும் இதையேதான் கேட்டேன்.

ஒரு வாசிப்புப் பகுதியை நாலு துண்டாக்கி ஆளுக்கொன்று தருவார்கள். என் துண்டை நான் விளங்கப்படுத்தாவிட்டால் மற்ற மூவருக்கும் அது இல்லை. ஓ.எல்.லில் இங்கிலிஷுக்கு 'எஸ்' எடுத்தவன் நான். லெக்சரர் கேள்வி கேட்டால் மேசையைப் பார்ப்பேன். மூன்று கூட்டாளிமார் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேசையைப் பார்க்க ஏலுமா? முதல் நாள் இரவு ஹொஸ்டலில் அகராதியும் கையுமாக ஒரே பந்தியை ஏழெட்டுத் தடவை வாசித்தேன். எந்தப் பரீட்சைக்கும் அப்படிப் படித்ததில்லை.

இதற்கு 'ஜிக்சோ' என்று பெயர் இருப்பது ஆசிரியர் பயிற்சியில்தான் தெரிந்தது. 1971இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது எழுந்த பகையைத் தணிக்க எலியட் அரொன்சன் என்ற உளவியலாளர் கொண்டுவந்த முறை.

மூன்றாம் மாதமளவில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். 'டிஸ்கஸ்' வந்தால் பின்னால் 'எபவுட்' கட்டாயம் என்று அடித்துச் சொல்லிக்கொடுத்தேன். தமிழில் ஒன்றைப் 'பற்றி'த்தானே கலந்துரையாடுகிறோம்! மூவரும் நம்பினார்கள். வாய்மொழிப் பரீட்சையில் நாலு பேருக்கும் ஒரே பிழை. யாரிடமிருந்து தொற்றியது என்று லெக்சரர் கேட்கவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்த மூவரில் ஒருவன் மட்டுமட்டாகப் பாஸானவன். மன்னிப்புக் கேட்டேன்.

"விடு மச்சான், நீ சொல்லித் தராட்டி நான் அண்டைக்கு வாயே தொறந்திருக்க மாட்டன்" என்றான்.

அதற்குப் பிறகு லெக்சரர் ஒரு கொப்பியோடு குரூப் குரூப்பாக வந்து நிற்பார். கடைசிப் பத்து நிமிடம், காதில் விழுந்த பிழைகளையெல்லாம் பெயர் சொல்லாமல் போர்டில் எழுதித் திருத்துவார். எங்கட மிஸ்ஸிடமும் அந்தப் பத்து நிமிடத்தைக் கேளுங்கள் என்று மகளிடம் சொன்னேன்.

"நான் பிழையாச் சொல்லிக்கொடுத்தா சேர்?"

"உங்கட துண்டு எது?"

"ரெண்டாவது பந்தி."

"வாசிங்க, கேப்பம்."

இரண்டு இடத்தில் தடுக்கினாள். நிறுத்தவில்லை.