எதெல்லாம் முரண்நகை?

"பக்கத்து வீட்டுக்காரரை ஏற்காட்டில் பார்த்தேன். என்ன ஒரு முரண்!" என்கிறார் நண்பர். இன்னொருவருக்கு, தங்கை கல்யாணத்தன்று மழை கொட்டியது முரண்நகை. முதலாவது தற்செயல், இரண்டாவது பொல்லாத நேரம். நல்ல சொற்கள்தாம் இரண்டும். ஆனால் முரண்நகை என்றால் கொஞ்சம் படித்த வாசனை வருகிறது; அதனால் எல்லாவற்றுக்கும் அதையே பூசிவிடுகிறோம்.

வீட்டில் வைத்தால் திருடு போகும் என்று பயந்து, நகையைக் கையோடு எடுத்துப் போய் பஸ்ஸில் பறிகொடுத்தவரின் கதைதான் முரண்நகை. காப்பாற்றச் செய்த காரியமே கவிழ்த்துவிட்டது. இன்னொன்றும் இதில் உண்டு: பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது அவருக்கு அது தெரியாது, கதை கேட்கும் நமக்குத் தெரியும்.

இதை இளங்கோவைப் போல் காட்டியவர் யார்? மதுரைத் தெருவில் எதிரே வந்த பொற்கொல்லனிடம், அரசிக்குத் தகுந்த சிலம்பு ஒன்றுக்கு உன்னால் விலை மதிக்க முடியுமா என்று கோவலன் கேட்கிறான். பொருளின் உயர்வைச் சொல்வதாக அவன் நினைப்பு. ஆனால் அரசியின் சிலம்பைத் திருடியவனே அந்தப் பொற்கொல்லன்தான். பழியைப் போட ஆள் தேடிக்கொண்டிருந்தவனிடம் கோவலன் தானே போய் நிற்கிறான். அவன் சாதாரணமாகப் பேசிய பேச்சு நம் காதில் மட்டும் வேறாக விழுகிறது.

தெரிந்தே இப்படிப் பேசுவது வேறொரு கலை. அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்க்கிறார். மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, காவல்மனையில் எவ்வளவு அழகாக இருக்கின்றன! எங்கள் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். சொல்லில் ஒரு குறையும் இல்லை, உன் ஆயுதங்கள் போரைப் பார்த்ததே இல்லை என்பது மட்டும் பளிச்சென்று தெரிகிறது. வஞ்சப்புகழ்ச்சி என்பது இது. மேடையில் அமைச்சருக்குப் போடும் ஐஸை அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். அது வெறும் முகஸ்துதி.

ஔவையின் வித்தை நம் வீடுகளில் இன்னும் செத்துவிடவில்லை. பத்து மணிக்கு எழுந்து வரும் பிள்ளையை, "வாங்க மகாராசா, அதுக்குள்ள விடிஞ்சிருச்சா?" என்று வரவேற்காத அம்மா உண்டா? அணியிலக்கணம் படிக்காமலே குரலின் இழுப்பை வைத்துப் பிள்ளை புரிந்துகொள்கிறது. அந்த இழுப்பு வாட்ஸ்அப்பில் வராது. அதனால்தான் "சூப்பர், ரொம்ப நன்றி" என்ற செய்தியை வைத்துக்கொண்டு, இது நன்றியா கோபமா என்று விழிக்கிறோம்.

எனக்கு எரிச்சலூட்டுவது வேறு. ஒருவரின் நிறத்தையோ உடம்பையோ நேராகப் பழித்துவிட்டு, முகம் சுருங்கியதும் "சும்மா நக்கலுக்குச் சொன்னேன்" என்பவர்கள். அங்கதத்தைத் தொல்காப்பியம் இரண்டாகப் பிரிக்கிறது: வெளிப்படையாக வைவது செம்பொருள் அங்கதம், மறைத்துச் சொல்வது பழிகரப்பு. இவர்கள் பேச்சில் மறைத்தது எதுவும் இல்லை. குண்டு என்றால் குண்டு என்றுதான் அர்த்தம். வைவதையும் வைதுவிட்டு, ரசிக்கத் தெரியாதவர் என்ற பழியையும் கேட்டவர் தலையில் கட்டுவதற்கு இலக்கணம் எந்தப் பெயரும் வைக்கவில்லை. நாம் அதை அயோக்கியத்தனம் என்றே சொல்லலாம்.